ஒரே வரியில் இரண்டு தொழில்

1772 ஆகஸ்ட் 4 அன்று, லண்டனில் அச்சுத் தொழிலோரின் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனியின் பதிவேட்டில் ஒரு பையனின் பெயர் ஏறியது. கார்னபி சந்தையை ஒட்டிய பிராட் தெரு ஜேம்ஸ் என்பவரின் மகன் வில்லியம். கிரேட் குயின் தெருவில் செப்புத் தகட்டில் படம் செதுக்கும் ஜேம்ஸ் பசையரிடம் ஏழு வருஷம் தொழில் பழக அவனை விடுகிறார்கள். அதற்காகத் தகப்பன் கட்டிய பணம் 52 பவுன் 10 ஷில்லிங். பையனுக்கு வயது பதினான்கு. பின்னாளில் கவிஞராகவும் ஓவியராகவும் உலகம் அறிந்த வில்லியம் பிளேக் அவன்தான். அன்றைக்கு எழுதிய குமாஸ்தாவுக்கு அவன் அந்தப் பக்கத்தில் இருந்த பெயர்களில் ஒன்று.

பிளேக்கின் தகப்பனார் காலுறைக் கடை வைத்திருந்தவர். காலுறை விற்கிறவர் வீட்டுப் பிள்ளை செப்புத் தகட்டைக் கையில் எடுக்கிறான். இங்கிலாந்தின் பழைய பதிவேடுகளில் என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது இந்த இடம்தான். லண்டன் சங்கங்களின் ஏடுகள் பலவற்றில் பையன் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயர், ஊர், தகப்பன் செய்யும் தொழில், அவர் இறந்துவிட்டிருந்தால் அந்தச் செய்தி எல்லாம் வரும். பிறகு எஜமானர் பெயர், எத்தனை ஆண்டு என்ற கெடு. தகப்பன் தொழிலும் பிள்ளையின் தொழிலும் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கும். பல வரிகளில் இரண்டும் வேறு வேறு. ஒரு பிள்ளை எந்த நாளில் தகப்பன் தொழிலைவிட்டு வேறு தொழிலுக்குப் போனான் என்று தேதியோடு எழுதிவைத்த ஏடு இது. அப்படி ஒன்று நம்மிடம் இல்லை. இல்லாமல் போனதற்கான காரணம் நமக்கெல்லாம் தெரியும்.

முப்பாட்டன் என்ன தொழில் செய்தார் என்று தேடும் ஆங்கிலேயக் குடும்பங்கள் இந்த ஏடுகளிடம் வந்து சேர்வது இயல்பு. ஞானஸ்நானப் பதிவில் பெயர் கிடைக்கும். அடக்கப் பதிவில் நாள் கிடைக்கும். நடுவே அந்த மனிதர் எதைச் செய்து பிழைத்தார் என்பது பெரும்பாலும் கிடைக்காது. அதைச் சொல்லக்கூடியது தொழில் பழக விட்ட பத்திரம். 1563-இல் முதலாம் எலிசபெத் காலத்தில் வந்த சட்டப்படி, அன்றைக்கு நாட்டில் வழங்கிய கைத்தொழில் எதையும் ஏழு ஆண்டாவது ஒருவரிடம் பழகாமல் நடத்தக் கூடாது. அந்த விதி 1814 வரை நீக்கப்படவில்லை. இரண்டரை நூற்றாண்டாகப் பிள்ளைகள் பத்திரம் எழுதித்தான் தொழிலுக்குப் போனார்கள் என்றால், எங்கேயாவது ஒரு தாள் மிஞ்சியிருக்கத்தானே வேண்டும்?

அந்தத் தாளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பழைய வழக்கப்படி ஒரே தோலில் அல்லது தாளில் ஒரே வாசகத்தை இரண்டு தடவை எழுதி, நடுவே வளைந்து வளைந்து வெட்டுவார்கள். ஒரு பாதி எஜமானரிடம், மறுபாதி பையன் வீட்டாரிடம். தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்து வைத்து வெட்டு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இது அச்சடித்த படிவமாகிவிட்டது. பெயர், தேதி, தொகை இவற்றை மட்டும் கையால் நிரப்பினால் போதும். பையன் எஜமானரின் ரகசியங்களைக் காக்க வேண்டும். சீட்டு, பகடை கூடாது. மதுக்கடைக்கும் நாடகக் கொட்டகைக்கும் போகக் கூடாது. தனக்கென்று வாங்கவோ விற்கவோ கூடாது. கெடு முடியும் வரை கல்யாணம் கூடாது. எஜமானரின் வேலையை விட்டு இரவிலோ பகலிலோ சொல்லாமல் போகக் கூடாது. பதிலுக்கு எஜமானர் சாப்பாடு, துணிமணி, படுக்க இடம் தர வேண்டும், தொழிலைக் கற்றுத்தர வேண்டும். கூடாது என்பதற்கு இத்தனை வரி. கற்றுத்தருவதற்கு ஒரு தொடர். எந்த வருஷம் எதைத் தொட விடுவார், கருவியை எப்போது கையில் கொடுப்பார் என்றெல்லாம் எதுவும் இல்லை. அந்த மௌனத்துக்குள்தான் ஒரு பிள்ளையின் ஏழு வருஷம் போய் விழுகிறது.

வீடுகளில் இருந்த பத்திரங்கள் பெரும்பாலும் அழிந்தன. கெடு முடிந்த தாளை யார் காலகாலத்துக்கும் வைத்திருப்பார்கள்? தேடுகிறவர்களைக் காப்பாற்றியது ஒரு வரி. பிரான்சோடு நீண்ட போர் நடந்துகொண்டிருந்த நேரம். அரசுக்குப் பணம் வேண்டியிருந்தது. தொழில் பழகச் சேர்க்கும்போது எஜமானர் வாங்கும் பணத்துக்கு 1710 முதல் தீர்வை விதித்தார்கள். 50 பவுன் வரைக்கும் பவுனுக்கு ஆறு பென்ஸ். அதற்கு மேல் போனால் பவுனுக்கு ஒரு ஷில்லிங், அதாவது இரண்டு மடங்கு. கட்ட வேண்டியவர் எஜமானர். கட்டாத பத்திரம் செல்லாது. அந்த வசூல் பேரேடுகள் 1811 வரைக்கும் ஓடுகின்றன. இன்று லண்டனை அடுத்த கியூ என்ற இடத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நாட்டின் எந்த மூலையில் சேர்ந்த பையனும் அதில் இருக்கலாம். பிள்ளைகளை நினைவில் வைக்க வேண்டும் என்று அதை யாரும் எழுதவில்லை. வசூல் கணக்கு தவறக் கூடாது என்று எழுதினார்கள். ஆனாலும் அந்தக் குமாஸ்தாக்களுக்கு நான் நன்றி சொல்வேன்.

அந்தப் பேரேட்டைப் படிக்க ஒரு பக்குவம் வேண்டும். அதில் உள்ள தேதி பணம் கட்டிய தேதி. கெடு முடிந்து ஓராண்டு வரைக்கும் கட்ட எஜமானருக்கு அவகாசம் இருந்ததால், பையன் உண்மையில் சேர்ந்தது பல வருஷம் முன்பாகவும் இருக்கலாம். 1752 வாக்கில் இன்னொரு மாற்றம் வருகிறது. அதுவரை எழுதிவந்த பெற்றோர் பெயரைப் பேரேட்டில் எழுதுவதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வசூலுக்கு அது தேவைப்படவில்லை. தகப்பன் பெயர் போன பிறகு அந்த வரி எனக்குப் பாதி வரிதான். எந்த வீட்டிலிருந்து வந்தான் என்பது தெரியாமல் எங்கே போனான் என்பது மட்டும் மிஞ்சுகிறது.

இன்னும் பெரிய பொறி ஒன்று லண்டன் நகரத்துக்குள் இருக்கிறது. நகரத்தில் தொழில் நடத்தும் உரிமை சங்கங்களின் வழியாக வந்தது. ஆனால் நகர வழக்கப்படி, ஒரு சங்கத்தில் உரிமை பெற்றவர் வேறு எந்தத் தொழிலையும் நடத்தலாம். அதனால் சங்கத்தின் பெயரைப் பார்த்துத் தொழிலைத் தீர்மானித்தால் வழி தப்பிவிடும். பின்னாளில் ஓவியராகப் பெயர் பெற்ற வில்லியம் ஹோகார்த் 1714-இல் எல்லிஸ் கேம்பிள் என்பவரிடம் சேர்ந்த பதிவு தையல்காரர் சங்கத்தில் இருக்கிறது. கேம்பிள் ஊசியைத் தொட்டவரே இல்லை. வெள்ளிப் பாத்திரங்களில் குடும்பச் சின்னங்களைச் செதுக்குகிறவர். சங்கத்தின் பெயரை நம்பிய கொள்ளுப்பேரன் தன் முன்னோரைத் தையல்காரராக எழுதிவைத்துவிடுவான். ஹோகார்த் விஷயத்தில் நமக்கு உண்மை தெரிகிறது, ஏனென்றால் அவர் ஹோகார்த். பெயர் தெரியாத ஆயிரம் பேர் விஷயத்தில் யார் திருத்துவார்கள்?

இங்கிலாந்துக்கு அச்சைக் கொண்டுவந்த வில்லியம் காக்ஸ்டனைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் சுவடே இப்படிப்பட்ட வரிதான். 1438-இல் துணி வணிகர் சங்கக் கணக்கில், ராபர்ட் லார்ஜ் என்ற பெரிய வணிகரிடம் சேர்ந்த பையனாக அவர் வருகிறார். அவர் எந்த ஆண்டு பிறந்திருப்பார் என்று அறிஞர்கள் அந்த வரியை வைத்துத்தான் எண்ணிப் பார்க்கிறார்கள். பட்டும் கம்பளியும் பழகிய அந்தக் கை, முப்பது வருஷம் கழித்து ஜெர்மனியின் கொலோன் நகரில் அச்சுக் கலையைக் கற்றுக்கொண்டு, 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தது. நடுவயதில் கற்ற அந்தத் தொழிலுக்குச் சேர்க்கைப் பத்திரம் எதுவும் கிடையாது.

மறுபடி பிளேக்கிடம் வருகிறேன். அவருடைய ஏழு வருஷத்துக்குள் என்ன இருந்தது என்று ஓரளவு தெரியும், அதனால் அந்த வரியை நிரப்பிப் பார்க்க முடிகிறது. செப்புத் தகட்டைச் சூடாக்கி மெழுகு பூச வேண்டும். பூச்சைத் திரியின் புகையில் காட்டிக் கறுப்பாக்க வேண்டும். படத்தை அதன்மேல் ஏற்றி, ஊசியால் கோடு கோடாக மெழுகைக் கீறி, அமிலத்தில் போட்டால் கீறிய இடத்தைச் செம்பில் அமிலம் தின்னும். பிறகு மெழுகைத் துடைத்துவிட்டு, கூர்முனை எஃகு உளியால் கோடுகளை ஆழப்படுத்துவார்கள். தகட்டை மணல் திணித்த தோல் மெத்தையில் வைத்திருப்பார்கள். வளைந்த கோடு வேண்டுமென்றால் உளி வளைவதில்லை. உளி நேராகவே நிற்க, இடது கை தகட்டைச் சுழற்றும். எழுத்து வந்தால் அதை வலமிருந்து இடமாகத் திருப்பிச் செதுக்க வேண்டும், அச்சில் விழும்போதுதான் நேராகும். பசையருடைய பாணி அன்றைக்கே பழையது. அழுத்தமான, தெளிந்த கோடு. நளினமான புள்ளி வேலைகள் நாகரிகமாகிவந்த காலத்தில் அவர் மாறவில்லை. அந்தக் கோடு பிளேக்கின் கையைவிட்டுக் கடைசி வரை போகவில்லை.

சேர்ந்து இரண்டு வருஷம் ஆனதும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கும் அரசர், அரசிகளின் சமாதிச் சிலைகளை வரைந்து வரும்படி பையனை அனுப்புகிறார் எஜமானர். தனியாக அந்தப் பழைய கல்லறைகளுக்கு நடுவே ஏறி நின்று வரைந்திருக்கிறான். அவை பின்னால் தகடுகளாகி, பழங்கால நினைவுச்சின்னங்களைப் பற்றிய பெரிய புத்தகத்தில் வந்தன. தகட்டின் அடியில் இருக்கும் பெயர் பசையர். அது அன்றைய வழக்கம். பழகும் பையன் செய்ததெல்லாம் பட்டறையின் பெயரில்தான் போகும். ஆக, ஆவணத்தில் பையனின் பெயர் இருக்கிறது, வேலை இல்லை. தகட்டில் வேலை இருக்கிறது, பையனின் பெயர் இல்லை. இரண்டையும் சேர்த்து வைக்கிற காரியத்தைப் பின்னால் வருகிறவர்கள்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

1782-இல் பிளேக் கேதரின் பூஷேயைக் கல்யாணம் செய்தார். கேதரின் லண்டனுக்கு வெளியே பாட்டர்சீயில் காய்கறித் தோட்டம் போட்டவரின் மகள். கல்யாணப் பதிவேட்டில் அவர் பெருக்கல் குறிதான் போட்டார். பிளேக்கிடமிருந்து எழுதப் படிக்கக் கற்று, அச்சு இழுக்கவும் வண்ணம் தீட்டவும் கற்று, வாழ்நாள் முழுக்க அந்தப் பட்டறையின் பாதி வேலையைச் செய்தவர். அவருக்கு எந்த ஏட்டிலும் சேர்க்கை வரி கிடையாது. வீட்டுக்குள் கற்ற தொழிலுக்கு யாரும் பணம் கட்டவில்லை, யாரும் வரி வசூலிக்கவில்லை. தகப்பனிடமே பழகிய பிள்ளைகளின் கதையும் பெரும்பாலும் இதுதான். தொழில் தெரிந்த பெண்கள் எத்தனை பேர் இந்த இடைவெளிக்குள் மறைந்துபோனார்கள் என்று நினைக்கும்போது, பேரேட்டின் மேல் எனக்கு வந்த நன்றி கொஞ்சம் குறைகிறது.

முன்னோரின் தொழிலைத் தேடிப் போனவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் பெஞ்சமின் ஃபிராங்ளின். 1758-இல், லண்டனில் இருந்தபோது, மகனோடு நார்தாம்ப்டன்ஷயரில் இருக்கும் எக்டன் கிராமத்துக்குப் போனார். தேவாலயத்துப் பதிவேட்டைப் புரட்டினார்; அது 1555-இல் தொடங்குகிறது. தன் குலத்தார் அந்த ஊரில் முப்பது ஏக்கர் நிலத்தோடு கொல்லுப் பட்டறை வைத்திருந்தவர்கள் என்பதையும், தலைமுறைதோறும் மூத்த மகன் கொல்லனாகவே வளர்க்கப்பட்டான் என்பதையும் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இளைய பிள்ளைகள் வெளியே போனார்கள். அவருடைய தகப்பனார் ஜோசையா, பான்பரியில் சாயத் தொழில் செய்துவந்த அண்ணனிடமே சாயத் தொழில் பழகினார். பிறகு கடல் தாண்டிப் பாஸ்டனுக்குப் போனார். அங்கே சாயம் ஏற்றிய துணிக்குப் பெரிய கேட்பு இல்லை. சாயக்காரர் மெழுகுவர்த்தியும் சோப்பும் காய்ச்சிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பான்பரியின் தாளைப் பார்த்தவர் சாயக்காரர் என்பார். பாஸ்டனின் தாளைப் பார்த்தவர் மெழுகுவர்த்திக்காரர் என்பார். இரண்டும் உண்மை. ஒரு மனிதருக்கு ஒரு தொழில் என்று நினைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

ஃபிராங்ளினின் சொந்தக் கதையில் பத்திரம் இன்னும் விநோதமாக நடந்துகொள்கிறது. பன்னிரண்டு வயதில் அண்ணன் ஜேம்ஸிடம் அச்சுத் தொழில் பழகப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். இருபத்தொரு வயது வரைக்கும் கெடு. அண்ணன் நடத்திய செய்தித்தாளை இனி அவர் அச்சிடக் கூடாது என்று காலனி அரசு தடை போட்டபோது, தம்பி பெயரில் அச்சிட வேண்டியதாயிற்று. அதற்காக, கெடு முடிந்ததாகப் பழைய பத்திரத்தின் பின்னால் எழுதி வெளியில் காட்டுவதற்கு வைத்துக்கொண்டு, மிச்ச வருஷங்களுக்கு ரகசியமாக ஒரு புதுப் பத்திரம் எழுதிக்கொண்டார்கள். பிறகு சண்டை வந்து 1723-இல் தம்பி ஓடிப்போனார். ரகசியப் பத்திரத்தை அண்ணன் சபையில் எடுத்து நீட்ட மாட்டார் என்று அவருக்குத் தெரியும். வெளியே தெரிந்த தாள் பொய்; உண்மையான தாளை வெளியே எடுக்க முடியாது. அந்தக் குறுக்கு வழி நியாயமில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். அரசியலில் அத்தனை உயரம் போன பிறகும், தன் உயிலில் தன்னை முதலில் அச்சுத் தொழிலாளி என்றுதான் சொல்லிக்கொண்டார். தூதர் பதவியெல்லாம் அதற்குப் பிறகு வருகிறது.

பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை என்ன ஆவான்? 1805 அக்டோபர் 7 அன்று, லண்டன் பிளான்ட்ஃபோர்டு தெருவில் புத்தகக் கடையும் பைண்டிங் பட்டறையும் வைத்திருந்த ஜார்ஜ் ரீபோ, கொல்லன் ஒருவரின் மகனை ஏழு வருஷத்துக்குச் சேர்த்துக்கொண்டார். ஏற்கெனவே ஒரு வருஷம் கடையில் எடுபிடியாக இருந்து உண்மையாக வேலை செய்தவன் என்பதால், அவனிடம் பணம் வாங்கவில்லை என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. பையன் பெயர் மைக்கேல் ஃபாரடே. பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் பையன் படித்தான். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை, ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் உரையாடல்கள். 1812-இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு எழுதிய குறிப்புகளைத் தன் கையாலேயே பைண்டிங் செய்து டேவிக்கு அனுப்பினான். மறு வருஷம் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வேலை கிடைத்தது. அறிவியலுக்குள் அவரை அழைத்துப்போனது பைண்டிங் கை. ரீபோ பணம் கேட்டிருந்தால் கொல்லன் வீட்டில் எங்கே போயிருப்பார்கள்? அந்த ஒரு மனிதரின் தாராளத்தை ஒரு வரி பிடித்துவைத்திருக்கிறது. ஆனால் சேர்க்கைப் பணம் இல்லாத பையன்களுக்குத் தீர்வை இல்லை; அதனால் அவர்கள் தீர்வைப் பேரேட்டுக்குள் வந்ததில்லை.

இன்னும் கீழே போனால் அநாதைகளும் தரித்திரர் விடுதிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைத் தொழிலுக்கு விட்டது தேவாலய வட்டாரத்து அதிகாரிகள். அதற்கும் தீர்வை விலக்கு. ஆனால் அங்கே பத்திரம் உண்டு, ஏனென்றால் ஒரு வாயைக் கணக்கிலிருந்து கழித்ததற்கு அத்தாட்சி வேண்டும். 1802-இல் அத்தகைய பிள்ளைகளுக்கென்று தனிப் பதிவேடு வைக்கவும் சட்டம் வந்தது. லண்டன் செயின்ட் பான்கிராஸ் விடுதியில் இருந்த ராபர்ட் பிளிங்கோவுக்குத் தன் தாய் தகப்பன் யாரென்றே தெரியாது. விடுதியை விட்டு வெளியே போனால் போதும் என்று, புகைபோக்கி துடைப்பவர்கள் பையன்களைப் பொறுக்க வந்தபோது தன்னை எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று ஏங்கி நின்றவன். எடுத்துக்கொள்ளவில்லை. 1799-இல், ஏழு வயதை ஒட்டி, ஏறத்தாழ எண்பது பிள்ளைகளோடு நாட்டிங்காம் அருகே லௌடம் பஞ்சாலைக்கு வண்டியேற்றப்பட்டான். அங்கே மாட்டிறைச்சியும் இனிப்பும் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு டெர்பிஷயரில் லிட்டன் ஆலை. அடி, பட்டினி. இந்தப் பிள்ளைகளுக்கும் தொழில் கற்றுத்தருவதாகத்தான் பத்திரம். இயந்திரத்துக்கு அடியில் பஞ்சு பொறுக்குவது என்ன தொழில்? ஹோகார்த்தின் பத்திரத்தையும் பிளிங்கோவின் பத்திரத்தையும் ஒரே பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. 1833-இல் அரசு விசாரணையில், உன் பிள்ளைகளை ஆலைக்கு அனுப்புவாயா என்று கேட்டபோது, அதைவிட அவர்களை நாடு கடத்துவதே மேல் என்று பதில் சொன்னார் பிளிங்கோ.

இங்கிருந்து ஒரு பாதை நம் ஊர்த் துறைமுகங்களுக்கு வருகிறது. அடிமைமுறையை ஒழித்தபோது பிரிட்டன் தன் காலனிகள் பலவற்றில் அடிமைகளை உடனே விட்டுவிடவில்லை. தொழில் பழகுகிறவர்கள் என்று ஏட்டில் பெயர் மாற்றி அதே எஜமானர்களிடம் கட்டிவைத்தது. மொரீஷியஸில் இது 1835 பிப்ரவரி முதல் 1839 மார்ச் வரைக்கும் நடந்தது. வாழ்நாள் முழுக்கக் கரும்பு வெட்டியவர்களுக்குக் கரும்பு வெட்டப் பழக்குகிறோம் என்றார்கள். அந்தக் கெடு முடியும்போது தோட்டங்களை நிரப்ப இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்தாயிற்று. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 342 பேரோடு தென்னாப்பிரிக்காவில், நேட்டால் காலனியின் டர்பனில் நின்றது. 1911 வரைக்கும் நேட்டாலுக்குப் போன 152,184 பேரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட சென்னை வழியாகப் போனவர்கள்.

அந்தக் கப்பல் பட்டியல்கள் தப்பியிருக்கின்றன. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் தங்கள் கொள்ளுத்தாத்தாவைத் தேடும் இடம் அதுதான். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. தொழிலுக்கென்று கட்டம் இல்லை. சாதி என்ற கட்டம் இருந்ததால் தொழிலைத் தனியாகக் கேட்க வேண்டிய அவசியம் எழுதியவருக்குப் படவில்லை போலிருக்கிறது. லண்டன் ஏட்டில் தகப்பன் தொழிலுக்கும் பிள்ளை தொழிலுக்கும் இரண்டு இடம். நேட்டால் ஏட்டில் இருவருக்கும் சேர்த்து ஒரே சொல். நெசவுச் சாதி என்று எழுதப்பட்டவர் கப்பல் ஏறும்போது தறியைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கலாம். ஆங்கில ஆலைத் துணி நம் தறிகளை நிறுத்திய நூற்றாண்டு அது. லிட்டனில் பிளிங்கோக்கள் நூற்றது அந்த ஆலைத் தொழிலின் தொடக்க நூல். நெசவாளி வயல் கூலியாகி, கூலி கப்பலேறியது எந்தக் கட்டத்தில் அடங்கும்? அவருடைய கைக்கு என்னவெல்லாம் தெரியும் என்று துறைமுகத்தில் யாரும் கேட்கவில்லை. மணிக்கட்டில் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

இந்தியாவிலும் ஆங்கிலேய முறையில் பத்திரம் எழுதிப் பிள்ளைகளைத் தொழிலுக்கு விட 1850-இல் ஒரு சட்டம் வந்தது. பத்து வயதுக்கு மேல் பதினெட்டுக்குள், ஏழு ஆண்டுக்கு மிகாமல். தர்மத்தில் வளரும் அநாதைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் முக்கியமாக மனத்தில் வைத்த சட்டம். 1961-இல் புதிய சட்டம் வரும்வரை அது புத்தகத்தில் இருந்தது. ஆனால் நம் பட்டறைகளில் தொழில் போனது வேறு வழியில். தச்சுப் பட்டறையில், கொல்லுலையில், பின்னால் லேத்துப் பட்டறையில், அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் மேஜையில், மாமாவோ தெரிந்தவரோ கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்ட பிள்ளைகள். தாள் கிடையாது. யாரிடம் தொழில் பழகினாய் என்று கேட்டால் பெரியவர்கள் இன்றும் மேஸ்திரியின் பெயரையோ ஆசாரியின் பெயரையோ உடனே சொல்வார்கள். கேட்க ஆள் இருக்கும் வரைதான் அந்தப் பெயர் இருக்கும்.

நேட்டாலுக்குப் போனவர்கள் ஐந்து வருஷக் கெடு முடிந்ததும் அங்கேயே பல தொழில்களுக்குள் பிரிந்தார்கள். டர்பனைச் சுற்றிக் காய்கறித் தோட்டம் போட்டார்கள், கூடையில் சுமந்து விற்றார்கள், துறைமுகத் தீவில் வலை வீசினார்கள், கடை வைத்தார்கள். சாதிக் கட்டத்தில் எழுதாத தொழில்கள். இவற்றைத் தேடுகிறவர்களுக்கு இன்னொரு வகைத் தாள் இருக்கிறது. இந்திய வியாபாரிகள் பெருகுவதைத் தடுக்க நேட்டால் அரசு 1897-இல் வியாபார உரிமச் சட்டம் கொண்டுவந்தது. உரிமம் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம், உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு கிடையாது, கணக்கை ஆங்கிலத்தில் வைக்க வேண்டும். கடை கேட்டவர் தான் யார், எந்த இடத்தில், என்ன வியாபாரம் செய்யப்போகிறார் என்பதைச் சொல்லித்தான் மனுப் போட வேண்டும். கப்பல் பட்டியலில் சாதியாகவும் தழும்பாகவும் இருந்த குடும்பம், அடுத்த தலைமுறையில் தான் தேர்ந்த தொழிலைத் தன் வாயால் சொல்லி எழுதவைத்தது இங்கேதான். முன்னோரின் தொழிலைத் தேடும் நேட்டால் தமிழர்களுக்கு நான் சொல்வது, கப்பல் பட்டியலோடு நிற்காமல் அந்த மனுக்களையும் தேடுங்கள் என்பதுதான். அதிகாரி மறுத்துவிட்ட மனுக்களையும் சேர்த்துத் தேட வேண்டும்.